குளியலறைக்குக் கீழே ஒரு கிணறு

கேள்வி:

எங்கள் வீடு புரசைவாக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சந்தில் இருக்கிறது. மாமனார் 1956இல் கட்டியது. கீழே நான், மாடியில் கொழுந்தனார் குடும்பம். மெட்ரோ சுரங்கம் எங்கள் வீட்டுக்கு அடியில் போகிறதாம். தரையிலிருந்து 50 அடி ஆழம் என்று சொன்னார்கள். வருகிற வியாழக்கிழமை வீட்டைப் பார்த்துப் படம் எடுக்க வருவதாக நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பின்கட்டில் ஒரு கிணறு இருந்தது. 1983இல் அதை மூடி, மேலே குளியலறை கட்டிவிட்டோம். இரண்டு போர்வெல் உண்டு. ஒன்று வற்றிப்போய் கார் ஷெட் தரைக்குள் கிடக்கிறது. இதையெல்லாம் சொன்னால் குளியலறையை இடிப்பார்கள், ஓடுகிற போரையும் மூடுவார்கள், வாயைத் திறக்காதீர்கள் என்கிறார் கொழுந்தனார். ஆட்களை உள்ளேயே விடவேண்டாம் என்றும் சொல்கிறார். ஹாலில் ஏற்கெனவே விரிசல் இருக்கிறது. அண்ணா சாலையில் பஸ் பள்ளத்துக்குள் இறங்கியதை டி.வி.யில் பார்த்தது இப்போது மனதில் வந்து வந்து போகிறது. வீட்டைக் காலிசெய்துவிடுவதுதான் நல்லதா? மகன் மேலே இன்னொரு தளம் எழுப்ப நினைக்கிறான். அது நடக்குமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை, சென்னை

பதில்:

டீச்சர், வணக்கம்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சுரங்கம் தோண்டும்போது மேலே இருக்கிற வீடுகள், சாலைகள், பாலங்கள் எவ்வளவு அசைகின்றன என்று அளந்து சொல்வது என் வேலை. உங்கள் பாதையில் நான் வேலை செய்யவில்லை. அதனால் உங்கள் வீட்டுக்கு ஒரு தீர்ப்பு எழுதித் தர முடியாது. ஆனால் கடிதத்தில் நீங்கள் பயந்து எழுதிய விஷயங்களைவிட, போகிறபோக்கில் எழுதிய அந்தக் கிணறுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அதற்கு வருகிறேன். முதலில் கீழே என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். உங்கள் பக்கம் வருவது மாதவரத்திலிருந்து சிப்காட் போகும் மூன்றாவது வழித்தடம். பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, பட்டாளம் என்று வந்து புரசைவாக்கம் நெடுஞ்சாலையைத் தொட்டு, கெல்லீஸ் பக்கம் போகிறது. ஒரு பாதை போக, ஒரு பாதை வர. ஆக உங்களுக்கு அடியிலும் பக்கத்திலும் இரண்டு சுரங்கக் குழாய்கள். ஒன்று போய்ச் சில வாரமோ சில மாதமோ கழித்து இன்னொன்று வரும். 'முடிந்துவிட்டது' என்று சுரங்கம் தோண்டும் முதல் இயந்திரம் போனதும் நினைத்துவிடாதீர்கள்.

இயந்திரங்களுக்கு நீலகிரி, ஆனைமலை, காவேரி, அடையாறு, ஃபிளமிங்கோ, மயில் என்று மலை, ஆறு, பறவைப் பெயர்களாக வைத்திருக்கிறார்கள். கீழே இறக்கும் நாளில் முகப்பு முழுக்க மஞ்சள், குங்குமம், மாலை, ஒரு பூசணிக்காய். நான் பார்த்த எந்த சைட்டிலும் இதைத் தவறவிட்டதில்லை. நாத்திகப் பொறியாளர்கள்கூட அன்றைக்கு ஓரமாக நின்று சுண்டல் வாங்கிக்கொள்வார்கள்.

அந்த முகப்பு ஒரு வட்டத் தட்டு. விட்டம் ஆறரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சுற்றுதான் சுற்றும். உங்கள் சீலிங் ஃபேனை நிறுத்தினால் கடைசியில் தயங்கித் தயங்கிச் சுற்றுமே, அந்த வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சுரண்டும் மண், தட்டுக்குப் பின்னால் ஒரு அறைக்குள் சேரும். அந்த அறையை எப்போதும் மண்ணால் நிரப்பியே வைத்திருப்பார்கள். சோப்பு மாதிரியான ஒரு நுரையைக் கலந்து மண்ணை அடை மாவுப் பதத்துக்குக் கொண்டுவருவார்கள். ரொம்ப இளகினால் பிடிமானம் போய்விடும், ரொம்ப இறுகினால் நகராது. முன்னால் நிற்கும் பூமி உள்ளே சரிந்து விழாமல் தாங்கிப் பிடிப்பது அந்த மாவுதான். உங்கள் ஆழத்துக்கு அதில் ஒன்றரை முதல் இரண்டு பார் அழுத்தம் வைக்கவேண்டியிருக்கும். ஏறத்தாழ ஒரு கார் டயருக்குள் இருக்கிற அளவு. பின்னாலிருந்து ஒரு பெரிய திருகு அந்த மண்ணை அளந்து அளந்து வெளியே எடுக்கும். திருகை வேகமாகச் சுற்றிவிட்டால் அறையில் அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் மேலேயிருந்து மண் கூடுதலாக இறங்கும். இந்தத் தொழிலில் தூக்கம் கெடுகிற எல்லா இரவுகளும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக முன்னேறியதும் நின்று, கான்கிரீட் துண்டுகளைச் சேர்த்து ஒரு வளையம் பூட்டுவார்கள். வளையத்தின் உள்விட்டம் 5.8 மீட்டர். வெட்டிய துளைக்கும் வளையத்தின் வெளிப்புறத்துக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். இயந்திரத்தின் வால் நகர நகர அந்த இடைவெளிக்குள் க்ரௌட் எனப்படும் சிமென்ட் கலவையை அழுத்தி நிரப்பவேண்டும். தாமதித்தால் மண் முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடிக்கும்.

மேலே எவ்வளவு இறங்கும்? கணக்கு ஒன்றும் பெரிய ரகசியமில்லை. இந்த அளவுத் துளையில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 34 கன மீட்டர் மண் வெளியே வரும். எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும் அதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வந்துவிடும். அந்தக் கூடுதல் ஒரு சதவீதம் என்றால், மீட்டருக்கு 340 லிட்டர். உங்கள் வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணீர் கேனில் பதினேழு. நல்ல குழு, நல்ல மண் என்றால் அதில் பாதி. அந்தப் பதினேழு கேன் பள்ளம் ஒரே இடத்தில் விழாது. இருபுறமும் இருபது மீட்டர்வரை பரவி, நாள்பட்ட பஞ்சு மெத்தையின் நடுக்குழி மாதிரி மெல்லத் தாழும். 15 மீட்டர் ஆழத்தில், களிமண்ணில், ஒரு சதவீதத்துக்கு நடுவில் 18 மில்லிமீட்டர் வரும். அரை சதவீதத்துக்கு 9. மணல் என்றால் பள்ளம் குறுகும், நடுவில் கொஞ்சம் கூடும். இரண்டாவது குழாய் வரும்போது அதன் பங்கும் சேரும்.

18 மில்லிமீட்டர் என்றதும் பயப்படவேண்டாம். வீடு முழுக்க ஒரே சீராக 18 இறங்கினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு மூலை இறங்கி இன்னொரு மூலை நின்றால்தான் சுவர் பேசும். பத்து மீட்டர் நீளச் சுவரில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 20 மில்லிமீட்டர் வித்தியாசம், அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு வரைக்கும் சாதாரணமாக விரிசல் விழாது என்பது எங்கள் துறையில் ரொம்பக் காலமாக இருக்கும் அளவுகோல். நான் மேலே சொன்ன கணக்கில் மிகச் சரிவான இடத்தில்கூட அறுநூற்றைம்பதில் ஒரு பங்குக்குள்தான் வருகிறது. 1956 வீடு என்கிறீர்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியதாகத்தான் இருக்கும், மேலே மெட்ராஸ் டெரஸாக, அதாவது மரச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரையாக, இருந்தாலும் ஆச்சரியமில்லை. சுண்ணாம்புச் சுவர் சிமென்ட் சுவரைவிடப் பொறுமைசாலி. கொஞ்சம் வளைந்துகொடுக்கும். அதற்குப் பலவீனம் வாசல், ஜன்னல்களுக்கு மேலே இருக்கும் வளைவுகள். விரிசல் முதலில் அங்கேதான் எட்டிப்பார்க்கும்.

அதிர்வைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்பார்கள். உங்கள் பக்கம் பெரும்பாலும் ஆற்று வண்டல், களிமண்ணும் மணலும் மாறி மாறி. அதில் இயந்திரம் கீழே போவதை ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு ஒரு முனகல் மாதிரி சிலர் உணர்வார்கள், பலருக்குத் தெரியாது. கிண்டி, பரங்கிமலை பக்கம் சார்னகைட் பாறை. அங்கே கடகடவென்று கேட்கும். எல்லோரும் சத்தத்துக்குப் பயப்படுகிறார்கள். சத்தத்தால் வீடு விழுந்து நான் பார்த்ததில்லை. சத்தமே இல்லாமல் தண்ணீரும் மண்ணும் நகர்வதுதான் வினை.

அண்ணா சாலை விஷயத்துக்கு வருவோம். 2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை. சர்ச் பார்க் பக்கத்தில், கீழே சுரங்கப் பணி நடந்துகொண்டிருந்த பாதையில், ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்துக்குள் இறங்கின. பயணிகள் தப்பினார்கள். கொல்கத்தாவில் 2019 ஆகஸ்ட் 31 இதைவிட மோசம். பௌபஜாரில் இயந்திரம் தண்ணீர் நிறைந்த மணல் அடுக்கைத் தொட, சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்து, மேலே நூற்றாண்டு கண்ட வீடுகள் இடிந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் கட்டிய துணியோடு வெளியேறினார்கள். அதே இடத்தில் 2022இல் மறுபடி இரண்டு தடவை விரிசல் விழுந்தது. இதெல்லாம் நடந்தது, இல்லை என்று சொன்னால் நீங்கள் என்னை நம்பக் கூடாது. அதே சமயம், உங்களுக்குப் பக்கத்தில் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலைக்கு அடியில் 2017 மே மாதத்திலிருந்து, நேரு பூங்கா, கீழ்ப்பாக்கம் வழியாக ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே போகிறவர்கள் பாதிப் பேருக்கு அது ஞாபகத்திலேயே இல்லை.

சாலை திடீரென்று வாயைத் திறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அன்றைக்கு நடந்ததாக இருக்காது. கீழே எங்கோ கூடுதலாக மண் வந்திருக்கும், அல்லது ஏற்கெனவே ஒரு பொந்து இருந்திருக்கும். பொந்து கூரை உதிர்ந்து உதிர்ந்து மேலே ஏறும். மேலே தார் ரோடு ஒரு பலகை மாதிரி கொஞ்ச நாள் தாங்கும். பாரமான வண்டி ஒன்று வரும்போது தாங்காது. அதனால்தான் ஒவ்வொரு வளையத்துக்கும் எவ்வளவு மண் வெளியே வந்தது என்று எடைபோட்டுப் பார்க்கிறோம். 48 கன மீட்டர் வெட்டினால், கலைந்து நுரை சேர்ந்து வெளியே வரும்போது அறுபது, எழுபது ஆகும். அந்தக் கணக்கு ஒரு வளையத்தில் திடீரென்று எகிறினால், மேலே ஒன்றும் தெரியாவிட்டாலும், அந்த இடத்தில் துளைபோட்டுப் பார்த்துக் க்ரௌட் நிரப்பவேண்டும். 'பார்த்துக்கலாம்' என்று விட்ட வளையம்தான் ஆறு மாதம் கழித்துச் செய்தியில் வரும்.

இப்போது உங்கள் கிணறு.

உங்களிடம் '50 அடி' என்று சொன்னது குழாயின் நடுமையமாகத்தான் இருக்கும். அப்படியானால் அதன் தலை 38, 39 அடியில் இருக்கிறது. புரசைவாக்கத்தில் அந்தக் காலத்து வீட்டுக் கிணறு 25, 30 அடி இருக்கும். 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றின் அடிக்கும் இயந்திரத்தின் தலைக்கும் நடுவில் எட்டு, ஒன்பது அடி மண். அவ்வளவுதான். அந்த மண்ணும், கிணறு இருந்த காலமெல்லாம் ஊறி ஊறி இளகிய மண். 1983இல் 'மூடி' என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி மூடினீர்கள் என்று எழுதவில்லை. அன்றைக்கு எல்லோரும் செய்தது எனக்குத் தெரியும்: உடைத்த செங்கல், ரப்பிஷ், பழைய ஓடு, கொஞ்சம் மணல், மேலே ஒரு கடப்பாக்கல், அதன் மேல் குளியலறைத் தரை. சில வீடுகளில் உள்ளே ஒன்றுமே போடாமல் வெறும் ஸ்லாப் மட்டும் போட்டு மூடியிருப்பார்கள்.

இரண்டு பார் அழுத்தத்தில் கீழே நிற்கும் மாவுக்கு அந்தக் கிணறு ஒரு திறந்த ஜன்னல். அழுத்தம் எளிதான வழியைத் தேடும். நுரையும் சேறும் செங்கல் இடுக்குகள் வழியே மேலே ஏறலாம். அப்படி ஏறிவிட்டால் கீழே அழுத்தம் விழும், பிறகு ரப்பிஷும் மண்ணும் மொத்தமாகக் கீழே இறங்கும். குளியலறையோடு.

இது கற்பனை என்று கொழுந்தனார் சொல்லக்கூடும். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வேறொரு ஊர், ஊர்ப் பெயர் வேண்டாம். ராத்திரி இரண்டரை மணிக்கு மேலே ரோந்து போகிற பையன் போன் செய்தான். "சார், ஒரு வீட்டுல துணி துவைக்கிற கல்லுகிட்ட நுரையா வருது." ஓடிப்போய்ப் பார்த்தால், கல்லுக்குப் பக்கத்தில் சிமென்ட் தரை வெடித்து, வெள்ளை நுரை பொங்கிப் பொங்கி வடிகால் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வீட்டுப் பாட்டி, மருமகள்தான் சோப்புத் தூளைக் கொட்டிவிட்டாள் என்று அவளை எழுப்பித் திட்டிக்கொண்டிருந்தார். கீழே கேட்டால், பத்து நிமிடத்தில் அழுத்தம் 1.9இலிருந்து 1.3க்கு இறங்கியிருக்கிறது. நிறுத்தினோம். கைவிட்ட போர்வெல் ஒன்றில், துளை சரியாமல் இருக்க இறக்கியிருந்த இரும்புக் கேசிங் பைப்பை இயந்திரம் கடித்து இழுத்து, வளைத்து, தட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. அழுத்தக் காற்றை ஏற்றி, அந்த அறைக்குள்ளேயே ஆட்களை இறக்கி, பைப்பைத் துண்டு துண்டாக அறுத்து எடுக்க நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளில் பின்முற்றம் 40 மில்லிமீட்டர் தாழ்ந்து, மதில் சாய்ந்தது. வீட்டுக்காரருக்கு அங்கே பைப் இருப்பது தெரியும். கேட்டதற்கு, "யாரும் கேக்கலையே" என்றார். எங்கள் படிவத்தைப் புரட்டினேன். 'கிணறு / போர்வெல்' என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக இருந்தது. படிவத்தை நிரப்பிய பையனைத் திட்டினேன். அதில் கையெழுத்துப் போட்டது நான்.

ஆகவே டீச்சர், கிணற்றைச் சொல்லிவிடுங்கள், இரண்டு போரையும் சொல்லிவிடுங்கள். வாயால் மட்டும் சொல்லாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் வீட்டின் படம் போட்டு, வாசலிலிருந்து எத்தனை அடி, மதிலிலிருந்து எத்தனை அடி என்று குறித்து, கையெழுத்திட்டு, அவர்கள் கையொப்பத்தோடு ஒரு நகல் வாங்கி வையுங்கள்.

குளியலறையை இடிப்பார்களா? பெரும்பாலும் தேவைப்படாது. தரையில் கையளவு துளை ஒன்று போட்டு, குழாய் இறக்கி, சிமென்ட்டும் பென்டோனைட் என்கிற களிமண்ணும் கலந்த கூழைக் கீழேயிருந்து மேலாக நிரப்பிக்கொண்டு வருவார்கள். இரண்டு நாள் வேலை, நாலு டைல்ஸ் போகும். அந்த டைல்ஸ் யார் செலவில் என்பதை முன்னாலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வற்றிய போரையும் இப்படித்தான் அடைப்பார்கள். கேசிங் இரும்பா பி.வி.சி.யா என்று கேட்பார்கள். பி.வி.சி. என்றால் இயந்திரம் சப்பித் துப்பிவிடும். இரும்பு என்றால், அது குழாயின் பாதைக்குள் வருகிறது என்றால், முன்கூட்டியே உருவி எடுக்கப் பார்ப்பார்கள்.

ஓடுகிற போர்தான் சங்கடம். அது சுரங்கத்தின் அகலத்துக்குள் நேராக இறங்கினால் அதைக் காப்பாற்ற வழியில்லை, மூடத்தான் வேண்டும். அதில் கொழுந்தனார் சொல்வது சரி. ஆனால் சொல்லாமல் விட்டால் போர் தப்பிக்கும் என்று அவர் நினைக்கிறாரே, அங்கேதான் தப்பு. சொல்லாவிட்டாலும் இயந்திரம் அதே வழியாகத்தான் வரும். முன்னால் சொன்னால் மாற்று போரோ ஈடோ கேட்க உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும். சுரங்கத்துக்கு நாலைந்து மீட்டர் தள்ளி இருந்தால் அது பிழைக்கலாம். இயந்திரம் கடக்கும் நாட்களில் மோட்டாரை நிறுத்தச் சொல்வார்கள், தண்ணீர் கொஞ்சம் கலங்கும். வளையங்களுக்கு நடுவில் ரப்பர் பட்டை வைத்துத்தான் பூட்டுகிறார்கள், அதனால் கட்டி முடித்த சுரங்கம் உங்கள் நிலத்தடி நீரைக் குடிப்பதில்லை. நீர்மட்டம் இறங்குவது ஸ்டேஷன் பள்ளத்துக்குப் பக்கத்தில். அங்கே ஆழமாகத் தோண்டும்போது தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். சுரங்கத்தைவிட ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறேன். இயந்திரம் இரண்டு மூன்று நாளில் கடந்துவிடும். ஸ்டேஷன் பள்ளம் இரண்டு மூன்று வருடம் திறந்து கிடக்கும். உங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் சுவர் எத்தனை மீட்டர் என்பதையும் வியாழக்கிழமை கேளுங்கள்.

ஆட்களை உள்ளே விடக் கூடாது என்பதைக் கொழுந்தனார் கைவிடவேண்டும். அவர்கள் வருவது வீட்டின் இன்றைய நிலையைப் பதிவு செய்ய. இந்தப் பதிவு முக்கியமாக உங்களுக்குத்தான் உதவும். நாளைக்கு ஒரு விரிசல் வந்து, 'இது பழசு' என்று அவர்கள் சொன்னால், உங்களிடம் அவர்களே எடுத்த படம் இருக்கவேண்டும். கதவைச் சாத்திவிட்டால் அந்தச் சாட்சி போயிற்று. அவர்கள் வருவதற்குள் சுண்ணாம்பு அடிப்பது, ஹால் விரிசலுக்குப் பட்டி பார்ப்பது எதுவும் செய்யாதீர்கள். வீடு அசிங்கமாகத் தெரியட்டும். பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தி வையுங்கள். விரிசல்கள் பீரோவுக்குப் பின்னால்தான் குடியிருக்கும்.

ஹால் விரிசலுக்கு நீங்களே ஒன்று செய்யலாம். அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில், குறுக்காக, விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து இருபுறமும் ஒட்டிவிடுங்கள். விரிசல் வளர்ந்தால் கண்ணாடி உடையும். நூறு வருடத்துப் பழைய வித்தை. லட்ச ரூபாய்க் கருவி வைத்திருக்கும் நாங்களும் இதைச் செய்கிறோம். வெயில் காலத்திலும் மழைக்காலத்திலும் பழைய வீட்டு விரிசல் தானாகவே கொஞ்சம் திறந்து மூடும், அதனால் இயந்திரம் வருவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே ஒட்டிவிட்டால் நல்லது. ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் முடி விரிசலுக்குப் பதறவேண்டாம். அது பெயின்ட் சமாசாரம். ஐந்தைத் தாண்டினால், கதவு ஜன்னல் இறுகத் தொடங்கினால், பொறியாளர் வந்து பார்த்தே ஆகவேண்டும்.

சுவரில் அவர்கள் சின்னக் கண்ணாடிப் பட்டகங்களும் ஆணிகளும் பொருத்துவார்கள். தினமும் காலை மாலை ஒரு பையன் தெருவில் கருவியை வைத்து அவற்றைக் குறிபார்ப்பான். மோர் கொடுத்தீர்களானால் இன்றைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடுவான். சொல்லக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு இருக்கும். நானும் அந்த உத்தரவைப் போட்டிருக்கிறேன், அது முட்டாள்தனம் என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டைக் காலிசெய்யவேண்டுமா என்றால், விற்றுவிட்டுப் போகவேண்டிய அளவுக்கு உங்கள் கடிதத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் இயந்திரம் உங்கள் சந்தைக் கடக்கும் நாட்களில் வேறிடத்தில் தங்கச் சொன்னால், மறுக்காமல் போங்கள். பழைய, பலம் குறைந்த கட்டடங்களுக்கு அது வழக்கம்தான், அவர்களே தங்கும் இடம் ஏற்பாடு செய்வார்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள், குறிப்பாகக் கிணறு நிரம்பாமல் இருக்கும்வரை. தேதி முன்னே பின்னே ஆகும். மண்ணுக்கு காலண்டர் தெரியாது. ஒரு நாளைக்குப் பத்து மீட்டர் போகிற இயந்திரம் திடீரென்று ஒரு வாரம் நிற்கும். உங்கள் வீட்டுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் காரணம் கேளுங்கள். அந்த நாட்களில் முற்றத்தில் நுரை, சேறு, குமிழி எது வந்தாலும், போர் தண்ணீர் சட்டென்று இறங்கினாலும், தரையில் தட்டினால் டொக்கென்று வெற்றொலி கேட்டாலும், முதலில் எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டுப் பிறகு போன் செய்யுங்கள். அவசர எண்ணை வியாழக்கிழமையே வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள்.

சட்டம் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது, அது வக்கீலின் வேலை. 1978ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில்வே கட்டுமானச் சட்டம் முதலில் கல்கத்தாவுக்காக வந்து, பிறகு மற்ற நகரங்களுக்கும் விரிந்தது. பாதையில் இருக்கும் கட்டடத்தைத் தேவைப்பட்டால் தாங்கிப் பலப்படுத்துவதும், சேதத்துக்கு ஈடு தருவதும் அதற்குள் வருகின்றன. ஈடு கேட்க என்ன காகிதம் வேண்டும் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மகன் எழுப்ப நினைக்கும் தளம் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு இயந்திரமும் கடந்து, அசைவு நின்று சில மாதம் ஆகட்டும். அதன் பிறகும் மெட்ரோ நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று இல்லாமல் பிளான் பாஸ் ஆகாது. ஆழ அஸ்திவாரம், பைல் எனப்படும் ஆழத் தூண்கள் எல்லாம் அங்கே இனிப் பெரும்பாடு. அது போக, 1956 சுவர் மூன்றாவது தளத்தைத் தாங்குமா என்பது மெட்ரோ வராவிட்டாலும் கேட்கவேண்டிய கேள்வி. எனக்கு நம்பிக்கையில்லை.

கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், கணவர் வீட்டுச் செலவையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதுவார், பழைய நோட்டுகள் பரணில் கிடக்கின்றன என்று. 1983 நோட்டை எடுத்துப் பாருங்கள். கிணறு மூடிய மாதம் எத்தனை லோடு மணல், எத்தனை வண்டி ரப்பிஷ் என்று எழுதியிருந்தால், உள்ளே எவ்வளவு வெற்றிடம் மிச்சம் என்று கணக்குப் போட்டுவிடலாம். கிணற்றின் வாயகலம் ஞாபகம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது.